கடலூர் அஞ்சலை அம்மாள்

தோற்றுவாய்

கெடில நதி கடலொடு கலக்குமிடத்தில் தேவனாம்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. ஆங்கே இன்று இடிந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690 ஆம் ஆண்டில் பெற்றனர். 1746 இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபோது, சில ஆண்டுகள் கம்பெனியாரின் தலைமையிடமாக விளங்கியது இக்கடலூர்க் கோட்டையே. 1758 இல் லாலி அதனைத் தாக்கிக் கைக்கொண்டார். 1783 இல் மறுபடியும் கடலூரைச் சுற்றிப் பெரும் போர் மூண்டது. ஒரு நூற்றாண்டு காலம் பீரங்கி முழக்கம் கேட்டுப் பழகிய ஊர் கடலூர் என்று கூறின் அது மிகையன்று. அவ்வூரில், வாழ்நாளெல்லாம் கையில் ஓர் ஆயுதமும் ஏந்தாது, படைக்கலம் தாங்கிய பேரரசொன்றை எதிர்த்து நின்ற பெண்மணி ஒருவர் தோன்றினார். அவரே அஞ்சலை அம்மாள்.

சிறை சென்ற தியாகிகள் நம் நாட்டில் பலர். சட்டசபையில் அமர்ந்தோரும் பலர். இவ்விரண்டிற்கும் சென்று, இரண்டிலும் கை தூயராய் மீண்டவர் சிலரே. துப்பாக்கியைத் தாங்குபவன் எவ்வாறு தன்னை அடக்கியாள வேண்டுமோ, அவ்வாறே சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தாங்குபவனும் தன்னை அடக்கியாள வேண்டும் என்பதற்கு இவ்வம்மையார் வரலாறு ஒரு சான்றாகும். அது கருதியே அதனை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தேன்.

பிறப்பும் இல்லறமும்

அஞ்சலை அம்மாள் 1890 ஆம் ஆண்டு கடலூர் முதுநகரில் பிறந்தார். எளிய குடும்பம். அவர் கற்ற கல்வி ஐந்தாம் வகுப்பளவே என்பர். முருகப்பா என்பாரை மணந்து இல்லறம் நடத்தினார். கணவரும் நாட்டுப்பற்று மிக்கவர். மனைவி பொதுவாழ்வில் இறங்குவதற்குத் தடையாய் நில்லாது துணையாய் நின்றவர். அக்காலத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தெருவில் நின்று கூட்டத்தில் பேசுதல் எத்துணை அரிய செயல் என்பதை நினைத்துப் பார்த்தாலன்றிக் கணவரது பெருமை நமக்கு விளங்காது.

1921 ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிற்று. அவ்வியக்கத்தில் அஞ்சலை அம்மாள் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று கதர் விற்றார். கள்ளுக்கடை மறியல் செய்தார். பெண்களை அழைத்துப் பேசினார். இயக்கத்தின் செலவுக்காகக் குடும்ப நிலத்தையும் வீட்டையும் விற்றனர் என்று கடலூரார் கூறுவர். பிற்காலத்தில் அதிகாரம் கைக்கு வந்தபோது இழந்த பொருளை மீட்க நினையாதவர் என்பதனால், இவ்விழப்பு நம் நினைவில் நிற்றற்குரியது.

ஆயுதச் சட்டமும் நீல் சிலையும்

இவ்விடத்தில் ஆயுதச் சட்டத்தைப் பற்றிச் சில சொல்லுதல் வேண்டும். 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஆட்சியாளர் இந்திய மக்களின் கைகளைக் கண்டு அஞ்சினர். லிட்டன் பிரபு இராசப் பிரதிநிதியாக இருந்தபோது, 1878 ஆம் ஆண்டில் ஆயுதச் சட்டம் நிறைவேறிற்று. இந்தியர் எவரும் அரசாங்க அனுமதிச் சீட்டு இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது என்றது அச்சட்டம். ஐரோப்பியர்க்கோ அதிலிருந்து விலக்கு இருந்தது. துப்பாக்கி கட்டுப்பாடின்றி எவர் கையிலும் இருத்தல் தீது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே குற்றத்திற்கு நிறம் நோக்கி இரு நீதி வழங்குவது கட்டுப்பாடாகாது, அது அவமதிப்பேயாகும். பின்னர் விதிகள் சிறிது தளர்ந்தனவாயினும் அப்புண் ஆறவில்லை. 1927 ஆம் ஆண்டில் நாகபுரியில் மஞ்சர்ஷா ஆவாரி என்பாரின் தலைமையில் இளைஞர் வாளேந்தி வீதியில் நடந்து அச்சட்டத்தை மீறினர்.

அதே 1927 ஆம் ஆண்டில் சென்னையில் வேறொரு போர் நிகழ்ந்தது. சென்னை மவுண்ட் ரோடில் ஜெனரல் நீல் என்பவனது வெண்கலச் சிலை நின்றது. அவன் சென்னைத் துப்பாக்கிப் படையின் தலைவன். 1857 இல் அலகாபாத், கான்பூர் முதலிய இடங்களில் குற்றமுடையார், குற்றமற்றார் என்று பாராது மக்களைக் கொன்று குவித்தவன். பின் லட்சுமணபுரியில் குண்டுபட்டு மாண்டவன். நிராயுதபாணிகளைக் கொன்ற கைக்கு நகரின் நடுவே மரியாதை. அக்கையால் மாண்டோர் வழிவந்தோர்க்கு ஓர் ஆயுதச் சட்டம்! அச்சிலையை அகற்ற வேண்டுமென்று சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானமும் வெற்றி பெறவில்லை. திருநெல்வேலிச் சோமயாஜுலு முதலியோர் சத்தியாக்கிரகம் தொடங்கினர். தொண்டர் ஒருவர் பின் ஒருவராய்ச் சுத்தியலும் உளியும் கொண்டு சிலையை அணுகிக் கைதாயினர்.

கடலூரிலிருந்து அஞ்சலை அம்மாள் குடும்பத்தோடு புறப்பட்டார். கணவர் சிறை புகுந்தார். அம்மையார் சிறை புகுந்தார். ஒன்பது வயதே நிரம்பிய மகள் அம்மாக்கண்ணுவும் சிலையைத் தாக்கிப் பிடிபட்டாள். பெற்ற மகளைச் சிறைக்கு அனுப்பிய தாயின் உள்ளத்தை நாம் எளிதில் அளந்துவிட முடியாது. அது தகுமோ என்று இன்று நம்முட் சிலர் வினவவும் கூடும். குழந்தையைப் போர்முனையில் நிறுத்துதல் எந்நாளும் ஆராயத்தக்கதே. எனினும் அவர் பிறர் பிள்ளைகளை முன்னே தள்ளித் தம் பிள்ளையை மறைத்தவரல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. காந்தியடிகள் அவ்வாண்டு சென்னைக்கு வந்தபோது அச்சிறுமியைக் கண்டு, பின்னர்த் தம் ஆசிரமத்தில் வளர்த்து, லீலாவதி என்று பெயரிட்டார். அவரே பிற்காலத்தில், மார்க்ஸின் மூலதனத்தைத் தமிழில் தந்த ஜமதக்னியின் வாழ்க்கைத் துணைவியானார்.

காந்தியடிகள் அப்போராட்டத்தை ஆதரித்த போதும் ஒரு நிபந்தனை விதித்தார். தொண்டரின் சினம் மனிதர்மேல் திரும்பலாகாது. அகிம்சை சிறிதும் வழுவலாகாது. சுத்தியல் கையிலிருந்தும் மனிதரைத் தொடாத அந்த அடக்கமே அஞ்சலை அம்மாள் கற்ற முதற் பாடம். அவ்வாண்டில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராக அமர்ந்தார் என்பதையும் நினைக. ஒரே ஆண்டில் தமிழ்ப் பெண் ஒருவர் சட்டசபையின் மேடையேறினார். மற்றொருவர் சிறையின் படியேறினார். பத்தாண்டு கழித்து இவ்விரு வழியும் ஒன்றாயின.

சிறையும் மகப்பேறும்

1930 ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் எழுந்தது. அதிலும் அம்மையார் முன்னின்றார், தடியடி பட்டார். அதனை ஒட்டிய ஆண்டுகளில் அவர் அடிக்கடி சிறைப்பட்டார். ஒருமுறை வேலூர்ச் சிறையில் இருந்தபோது அவர் நிறைசூலியாயிருந்தார். அரசாங்கத்தார் அவரைப் பரோலில் வெளியே அனுப்பினர். ஆண் மகவு பிறந்தது. மகவு பிறந்து இரு வாரங் கழிவதற்குள் கைக்குழந்தையோடு அவர் சிறைக்குத் திரும்பினார். அப்பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்பதே பெயராயிற்று. பின்னர் அது ஜெயவீரன் என மருவி வழங்கிற்று.

இந்நிகழ்ச்சியைப் படிப்போர் பெரும்பாலும் அம்மையாரின் துணிவையே வியப்பர். எனக்கு அதனினும் வியப்பாகத் தோன்றுவது அவர் வாக்குத் தவறாமை. பரோல் என்பது சொல்லை நம்பி விடுதலை தருவது. அவர் எதிர்த்த அரசாங்கத்திற்கு அவர் கொடுத்த சொல் அது. அவ்வரசாங்கத்தின் சட்டத்தை மீறியவர், அதற்குக் கொடுத்த சொல்லை மீறவில்லை. சட்டத்தை மீறுவது வேறு, நேர்மையை மீறுவது வேறு என்று அறிந்தவரே பிறகு சட்டம் இயற்றும் சபைக்குத் தகுதியுடையராவர்.

1934 ஆம் ஆண்டு காந்தியடிகள் கடலூருக்கு வந்தார். அஞ்சலை அம்மாளைக் காண அவருக்கு அதிகாரிகள் தடை விதித்தனர் என்றும், அம்மையார் பர்தா அணிந்து குதிரை வண்டியில் ஏறி வந்து அவரைக் கண்டனர் என்றும் கூறுவர். அத்துணிவு கண்டு மகிழ்ந்த காந்தியடிகள் அவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்று பாராட்டினார் என்பது தமிழ்நாடு முழுதும் அறிந்த செய்தி. ஜான்சி ராணி வாளேந்திப் பொருது மாண்டவர். கடலூர் ராணிக்கோ வாள் இல்லை, குதிரைப்படை இல்லை. இருந்தது வாடகைக் குதிரை வண்டி ஒன்றே. அப்பெயர் அவருக்குப் பொருந்திற்று என்றால், வீரம் படைக்கலத்தில் இல்லை என்பதே அதன் பொருள்.

சட்டசபையில்

1931 ஆம் ஆண்டு கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, குடிமக்களின் அடிப்படை உரிமைகளைப் பற்றி ஒரு தீர்மானம் செய்தது. பின்பு அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அதனை விரித்தது. அதிலே இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்பன போல எனக்குத் தோன்றுகின்றன. விதிகளுக்கும் வரம்புகளுக்கும் உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ள ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்பது ஒன்று. அரசாங்க ஊழியர் எவரும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெறலாகாது என்பது மற்றொன்று. ஒன்று மக்களின் கையிலுள்ள ஆற்றலுக்கு வரம்பு கட்டியது; மற்றொன்று ஆள்வோரின் கையிலுள்ள ஆற்றலுக்கு வரம்பு கட்டியது. மக்களை நம்பி ஆயுதம் கொடுக்கும் அரசு, தன் கையையும் மக்கள் நம்பத்தக்கதாக வைத்துக்கொள்ளக் கடவது என்பதே இதனால் விளங்கும் நீதி.

1935 ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்திற்கு 215 உறுப்பினர் கொண்ட கீழ்ச்சபை அமைந்தது. அதில் பெண்களுக்கென 8 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. 1937 இல் நடந்த தேர்தலில் காங்கிரஸ் 159 இடங்களைப் பெற்றது. கடலூர் அஞ்சலை அம்மாளும் அச்சபையில் உறுப்பினரானார். ராஜகோபாலாச்சாரியார் அமைச்சரவை ஜூலைத் திங்களில் பதவி ஏற்றது. அமைச்சர்கள் கராச்சித் தீர்மானத்தின்படி 500 ரூபாய்ச் சம்பளமே பெற்றனர்.

அவ்வாட்சியில் நீல் சிலை மவுண்ட் ரோடிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு எழும்பூர்க் காட்சிசாலைக்குள் வைக்கப்பட்டது. பத்தாண்டுக்கு முன் எச்சிலையின் பொருட்டுக் கணவரோடும் மகளோடும் சிறை சென்றாரோ, அச்சிலை அகன்ற நாளில் அவ்வம்மையார் அந்நாட்டுச் சட்டசபையில் உறுப்பினராய் இருந்தார். சிலையை உடைத்து நொறுக்கவில்லை, உருக்கவில்லை. வரலாற்றுப் பொருளாய் ஒரு மூலையில் நிறுத்தினர். வென்றவர் பழி கொள்ளாது விட்டதே அவ்வெற்றியின் அழகு.

சட்டசபையில் அமர்ந்தோர்க்கு அக்காலத்திலும் சோதனைகள் இருந்தன. பதவி தேடுவோர், உறவினர்க்கு உத்தியோகம் கேட்போர், உரிமச்சீட்டுக்கும் குத்தகைக்கும் பரிந்துரை வேண்டுவோர் உறுப்பினரின் வாயிலில் வந்து நிற்பது எக்காலத்தும் உள்ளதே. 1939 அக்டோபரில் இந்தியரைக் கேளாமல் இந்தியாவைப் போரில் சேர்த்தமை காரணமாகக் காங்கிரஸ் அமைச்சர்கள் பதவி துறந்தனர். 1940 இல் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. சட்டசபை இருக்கையைப் பெற்றவர் அதனைக் காத்துக்கொண்டு வீட்டிலிருக்கவில்லை. அஞ்சலை அம்மாள் மறுபடியும் சிறை சென்றார். இருக்கை தமக்கு உரிமையன்று, ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று எண்ணியவர்க்கே அஃது எளிதாகும்.

போர் முடிந்தபின் 1946 இல் அவர் மீண்டும் சட்டசபை உறுப்பினரானார். அச்சபையின் காலத்தில் பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா என மூவர் அடுத்தடுத்து முதன்மந்திரிகளாயினர். கட்சிக்குள் பிணக்கு மலிந்த காலம் அது. எனினும் 1947 இல் கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும், 1948 இல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அச்சபையிலே நிறைவேறின. ஓமந்தூராரும் அஞ்சலை அம்மாளைப் போல அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்தினரே. பரிந்துரைக்கு வளையாதவர் என்று பெயர் பெற்ற அவரைத் தம் கட்சியினரே 1949 இல் பதவியினின்று இறக்கினர் என்பது, நேர்மைக்கு எத்துணை விலை கொடுக்க நேரும் என்பதைக் காட்டும்.

அஞ்சலை வாய்க்கால்

சிதம்பரத்திற்கு அருகே தீர்த்தாம்பாளையம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரார் தண்ணீரின்றிப் பெரிதும் இடர்ப்பட்டனர். சோழர் வெட்டிய வீராணம் ஏரி தொலைவிலன்றி இருந்தும் அதன் நீர் இவ்வூரை எட்டவில்லை. உறுப்பினராயிருந்த அஞ்சலை அம்மாள் இதனை மேற்கொண்டார். வீராணத்து நீர் புதிய கிளைவாய்க்கால் வழியே அவ்வூர் வரை வந்து சேர்ந்தது. அவ்வாய்க்காலை மக்கள் அஞ்சலை வாய்க்கால் என்றே வழங்கலாயினர்.

பதவியிலிருந்தோர் பலர் தம் பெயரைக் கல்லில் பொறித்து வைப்பர். பொறித்த கல் அடுத்த ஆட்சியில் பெயர்க்கப்படுவதும் உண்டு. இவ்வம்மையாரது பெயரை எழுதியது மக்கள் நாவே. நீலின் பெயரை வெண்கலத்தில் வார்த்தனர். அது காட்சிசாலை மூலைக்குச் சென்றது. அஞ்சலையின் பெயர் நீரில் எழுதப்பெற்றது. அது வயலுக்குச் சென்றது. நீர்மேல் எழுத்து நிலையாது என்பர். இவ்வெழுத்து நிலைத்தது.

விடுதலைக்குப் பின் நாட்டுக்கு உழைத்தோர்க்கு அரசாங்கம் உதவி அளிக்கலாயிற்று. தியாகி என்ற பெயரில் வரும் உதவியை அம்மையார் ஏற்க மறுத்தார் என்பர். வறுமையுற்ற பிற தியாகிகள் அதனைப் பெற்றது குற்றமன்று. அவர்க்கு அது உரியதே. ஆயினும் நிலத்தையும் வீட்டையும் விற்று, பன்முறை சிறை சென்று, சட்டசபை உறுப்பினராயிருந்த ஒருவர், கணக்கைத் தீர்த்துக் கைந்நீட்டாமல் இருந்தது தனிச் சிறப்பு. பிற்காலத்தை எளிய வாழ்விலே கழித்து, 1961 ஆம் ஆண்டு பிப்ரவரி 20 ஆம் நாள் இம்மண்ணுலகை நீத்தார்.

முடிவுரை

அம்மையார் வாழ்ந்த காலத்து ஆயுதச் சட்டம் இன்று இல்லை. அரசியல் நிர்ணய சபையில் 1948 ஆம் ஆண்டு, ஆயுதம் வைத்திருத்தலை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று எச். வி. காமத் ஒரு திருத்தம் கொணர்ந்தார். சபை அதனை ஏற்கவில்லை. சாதியும் மதமும் பற்றிப் பிளவுண்ட நாட்டில் எல்லார் கையிலும் ஆயுதமிருப்பின் எளியோரே முதலில் மடிவர் என்பதை நாட்டுப் பிரிவினையின் குருதி அண்மையில்தான் கற்பித்திருந்தது. 1959 இல் புதிய ஆயுதச் சட்டம் வந்து பழைய சட்டத்தை நீக்கிற்று. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இன்று சட்டம் நிறம் பார்ப்பதில்லை. பொதுவாக உரிமச்சீட்டு வேண்டும், உரிமம் பெற்றவர் விதிகளுக்கு உட்பட வேண்டும்.

சட்டசபையினர்க்கும் அவ்வாறே வேலிகள் வந்துள்ளன. 1985 இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. வேட்பாளர் தம் சொத்தையும் குற்ற வழக்குகளையும் வெளிப்படுத்த வேண்டும் என்று 2002 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற உறுப்பினர் உடனே பதவி இழப்பர் என்று 2013 இல் தீர்ப்பாயிற்று. சபையில் வாக்களிக்கக் கையூட்டுப் பெற்றவர் சபை உரிமையைக் காட்டித் தப்ப இயலாது என்று 2024 இல் தீர்ப்பாயிற்று. இவை யாவும் நல்லனவே. ஆயினும் வேலி எத்துணை உயர்ந்தாலும் பயிரைத் தின்ன நினைக்கும் மனத்தை வேலி மாற்றாது. துப்பாக்கி உரிமம் தருமுன் ஒருவனது நடத்தையை விசாரிக்கும் அரசாங்கம் உண்டு. சட்டசபைக்கு உரிமம் தருவோர் நாமே. அவ்விசாரணையை நாம் செய்கிறோமா?

நண்பர்களே, நம்மிற் பலர் முதல் முறையாக வாக்களிக்கும் பருவத்தினர். சிலர் நாளை ஏதேனுமோர் அவையில் அமரவும் கூடும். வாக்குக் கேட்டு நம் வாயிலுக்கு வருபவரிடம் சாதியையும் கட்சியையும் கேட்பதற்கு முன், கொடுத்த சொல்லைக் காப்பவரா, பதவியால் தம் வீட்டைப் பெருக்கியவரா, எவ்வூர்க்கேனும் நீர் கொண்டுவந்தவரா என்று கேட்போமாக. இக்கேள்விகளைக் கேட்பதற்குப் பெருங்கல்வி வேண்டா. ஐந்தாம் வகுப்பு மட்டுமே கற்ற கடலூர்ப் பெண்மணி ஒருவர், இம்மூன்றிற்கும் தம் வாழ்வையே விடையாகத் தந்து சென்றுள்ளார்.